கழற்றி மாட்டிவிட்டுப் போகும் கோட்டு

(மருத்துவமனை ஆதரவாளர்களின் ஆண்டுக் கூடுகையில், பரிசோதனைக்கூட ஊழியர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை.)



இந்த மேடையில் வழக்கமாக டாக்டர்கள் பேசுவார்கள், சில ஆண்டுகள் நர்ஸ் சகோதரிகள் பேசியிருக்கிறார்கள். லேபிலிருந்து எங்களை அழைத்தது இதுதான் முதல் தடவை. நாங்கள் அதிகமாக யார் கண்ணிலும் படாதவர்கள். காலையில் ஜன்னல் ஓரத்தில் உட்காரவைத்து ரத்தம் எடுப்போம், மாலையில் ஒரு காகிதத்தைக் கொடுப்போம். நோயாளிக்கும் எங்களுக்கும் உள்ள பழக்கம் அவ்வளவுதான்.

அழைப்புக்குக் காரணம் பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகள் கேட்ட ஒரு கேள்வி. "எங்கள் தையல் வகுப்பில் மெஷின் இருக்கிறது, தைக்கத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். லேபில் வேலை செய்கிறவர்களுக்கு வெள்ளைக் கோட்டு தைத்துத் தரலாமா?" என்று கேட்டார்கள். எங்களுக்கு மிகுந்த சந்தோஷம். ஆனால் துணியில் கத்தரி படுமுன் உங்களோடு கொஞ்சம் பேசவேண்டும் என்று சொன்னோம். ஒரு கோட்டைப்பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று அப்போதே ஒரு அம்மா சிரித்தார்கள். இருக்கிறது அம்மா. அரைமணி நேரம் தாருங்கள்.

முதலில் ஒரு சின்ன விஷயம். வெள்ளைக் கோட்டு என்றால் எல்லாருக்கும் டாக்டர்தான் நினைவுக்கு வருகிறார். டாக்டர்கள் போடுவதைப் பார்த்து லேபில் உள்ளவர்களும் போட்டுக்கொண்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது நேர்மாறானது. 19-ம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டாக்டர்கள் கருப்புக் கோட்டுதான் அணிந்தார்கள். துக்க வீட்டுக்குப் போட்டுப் போகிற அதே கனத்த கருப்புக் கோட்டு. அறுவைச் சிகிச்சையும் அதைப் போட்டுக்கொண்டே செய்தார்கள். ரத்தம் காய்ந்து விறைத்த கோட்டு அனுபவத்தின் அடையாளம் என்று பெருமைப்பட்ட காலமும் இருந்தது.

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் தாமஸ் ஈக்கின்ஸ் என்ற ஓவியர் இருந்தார். 1875-ல் டாக்டர் கிராஸ் என்பவர் மாணவர்கள் முன்னிலையில் அறுவைச் சிகிச்சை செய்வதை வரைந்தார். அந்தப் படத்தில் டாக்டரும் உதவியாளர்களும் கருப்பு உடையில் நிற்கிறார்கள், கையில் ரத்தம். 1889-ல் அதே ஓவியர், அதே நகரத்தில், டாக்டர் அக்னியூ என்ற வேறொருவரை வரைந்தார். இதில் டாக்டரும் உதவியாளர்களும் வெள்ளையில் இருக்கிறார்கள். இடையில் இருப்பது 14 ஆண்டுகள்தான். அதற்கு முன்பே, 1867-ல், லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் காயத்தில் கிருமியைத் தடுக்கலாம் என்று எழுதிவிட்டார். ஆனால் அதை உலகம் ஏற்றுக்கொள்ளக் காலம் பிடித்தது. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக், காசநோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். மருத்துவம் லேபை நம்பத் தொடங்கியது. நம்பியதோடு, லேபில் வேலை செய்தவர்களின் வெள்ளை மேலங்கியையும் வாங்கிப் போட்டுக்கொண்டது. (லிஸ்டரின் அந்தக் கார்பாலிக் எங்கள் மேசையில் இன்றும் ஒரு சாயப் புட்டிக்குள் இருக்கிறது. அதற்கு வருகிறோம்.)

வார்டில் வெள்ளைக் கோட்டு மரியாதைக்குரிய உடையாகிவிட்டது. அதில் எங்களுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் லேபில் அது உடை அல்ல, சாமான். சமையலறையில் பிடிதுணி எப்படியோ அப்படி. பிடிதுணியை யாரும் தோளில் போட்டுக்கொண்டு கடைவீதிக்குப் போவதில்லையே.

எங்கள் மேசையில் ஒரு காலைப்பொழுதில் என்னென்ன வருகிறது என்று சொன்னால் கோட்டின் வேலை விளங்கும். ரத்தம், சிறுநீர், மலம், சளி, சீழ், சில நாட்களில் முதுகுத்தண்டு நீர். ரத்தக் குழாயின் மூடியைத் திறக்கும்போது ஒரு துளி தெறிக்கும். அது கண்ணுக்குத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். அந்தத் துளியில் மஞ்சள் காமாலை பி வைரஸ் இருக்கலாம். மலத்தில் டைஃபாய்டு, சீதபேதிக் கிருமிகள் இருக்கலாம். இவை கையில் பட்டு, கையிலிருந்து வாய்க்குப் போகிறவை. மேசையோரத்தில் வயிறு உராய்கிறது, முன்கை சாய்கிறது. துளி சேலையில் விழுவதற்குப் பதிலாகக் கோட்டில் விழட்டும் என்பதுதான் கோட்டின் முதல் வேலை.

இரண்டாவது, மருந்துகளும் நெருப்பும். சளியில் காசநோய்க் கிருமி தேடும் பழைய முறையை எடுத்துக்கொள்வோம். ஸ்லைடில் சளியைத் தடவிக் காயவைத்து, கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றி, அடியில் நெருப்புக் காட்டி ஆவி வரும்வரை சூடாக்க வேண்டும். லிஸ்டரின் கார்பாலிக் இந்தச் சாயத்தில்தான் இருக்கிறது. பிறகு 20 முதல் 25 சதவீதக் கந்தக அமிலத்தால் சாயத்தைக் கழுவவேண்டும். மற்றதெல்லாம் நிறம் போய்விடும், காசநோய்க் கிருமி மட்டும் சிவப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். கடைசியில் நீலச் சாயம். பெரிய ஆஸ்பத்திரிகளில் இப்போது இதற்கு இயந்திரங்கள் வந்துவிட்டன, ஆனாலும் இந்த ஸ்லைடு முறை போய்விடவில்லை. சாயமும் அமிலமும் நெருப்பும் ஒரே மேசையில், ஒரு முழத்துக்குள் இருக்கின்றன. பக்கத்திலேயே மெத்தனால் புட்டியும் அசிட்டோன் புட்டியும். இரண்டும் பெட்ரோல்போலப் பற்றிக்கொள்ளும்.

ஆகவே உங்கள் முதல் கேள்வி, என்ன துணி என்பது. கடையில் ரெடிமேடாக விற்கும் வெள்ளைக் கோட்டுகளில் பெரும்பாலானவை டெரிகாட்டன். பாலியெஸ்டர் அதிகமாகக் கலந்தது. கசங்காது, சீக்கிரம் காயும், பார்வைக்கும் பளிச்சென்று இருக்கும். அமிலத்தையும் ஓரளவு தாங்கும். நெருப்புக்கு மட்டும் ஆகாது. பாலியெஸ்டர் தீயில் உருகி, உருகியது தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் எரியத்தான் செய்யும், ஆனால் கருகும், உருகி ஒட்டாது.

இதில் ஒரு துயரமான சம்பவத்தைச் சொல்லவேண்டியிருக்கிறது. 2008 டிசம்பர் 29 அன்று, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரசாயன லேபில், 23 வயது ஆராய்ச்சி உதவியாளர் ஒருவர் காற்றுப் பட்டாலே தீப்பற்றும் ஒரு திரவத்தை ஊசிக்குழாயில் எடுத்துக்கொண்டிருந்தார். ஊசிக்குழாயின் தண்டு கழன்று வெளியே வந்துவிட்டது. அவர் லேப் கோட்டு அணிந்திருக்கவில்லை. மேலே செயற்கை இழை ஸ்வெட்டர் ஒன்று போட்டிருந்தார். அது பற்றிக்கொண்டது. 18 நாட்கள் ஆஸ்பத்திரியில் இருந்து, 2009 ஜனவரியில் இறந்துபோனார். வழக்கு நடந்தது. 2012-ல் அந்தப் பல்கலைக்கழக நிர்வாகம் லேப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்க ஒப்புக்கொண்டது. அந்தத் திரவம் எங்கள் லேபில் கிடையாது. ஆனால் ஸ்பிரிட் விளக்குக்கும் மெத்தனால் புட்டிக்கும் நடுவே செயற்கை இழைச் சேலையின் முந்தானை தொங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

எனவே நல்ல கெட்டியான காட்டன் டிரில் துணி எடுங்கள். அமிலம் பட்ட இடத்தில் பருத்தி ஓட்டை விழும். அதுவும் உடனே தெரியாது, அடுத்த சலவையில்தான் சல்லடைபோல வரும். விழட்டும். கோட்டு ஓட்டையானால் ஒட்டுப்போடலாம், இல்லாவிட்டால் வேறு தைக்கலாம். முந்தானையும் துப்பட்டாவும் கோட்டுக்கு உள்ளே அடங்கவேண்டும். அதனால் எங்கள் சகோதரிகளுக்குத் தைக்கும்போது இடுப்பிலும் மார்பிலும் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். சேலைக்கு மேல் போடுகிற கோட்டு என்பதை நகரத்து ரெடிமேட் கம்பெனிகள் நினைத்துப் பார்ப்பதே இல்லை. நீங்கள் நினைத்துப் பார்ப்பீர்கள் என்பதற்காகவே உங்களிடம் தைக்கக் கொடுக்கிறோம்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். கோட்டு எல்லாவற்றையும் தடுக்காது. காசநோய்க் கிருமி மூச்சுவழியே போவது. எத்தனை கெட்டியான கோட்டு போட்டாலும் அதற்குப் பயனில்லை. அதற்குக் காற்றை உறிஞ்சி வடிகட்டும் பாதுகாப்புப் பெட்டியும், சரியான முகமூடியும் வேண்டும். துணிக் கோட்டு தண்ணீர் புகாததும் அல்ல. ஒரு குழாய் ரத்தம் மடியில் கொட்டினால் நிமிடத்தில் உள்ளே ஊறிவிடும். அப்படிக் கொட்டக்கூடிய வேலைக்கு மேலே பிளாஸ்டிக் ஏப்ரன் கட்டவேண்டும்.

அணிந்திருப்பது வேறு, அது எதைத் தடுக்கும் என்று தெரிந்திருப்பது வேறு. அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியின் ரசாயனப் பேராசிரியை காரன் வெட்டர்ஹான் அம்மையார் உலோக நச்சுகளைப் பற்றியே ஆராய்ச்சி செய்தவர். 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்க்குரி என்ற பாதரசச் சேர்மத்தின் சில துளிகள் அவருடைய ரப்பர் கையுறைமேல் விழுந்தன. அன்றிருந்த வழக்கப்படி எல்லாப் பாதுகாப்போடும்தான் வேலை செய்துகொண்டிருந்தார். அந்தத் திரவம் அந்தவகை ரப்பரைச் சில நொடிகளில் ஊடுருவிவிடும் என்று அப்போது அறியப்படவில்லை. மாதக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. 1997 தொடக்கத்தில் நடை தள்ளாடியது, பேச்சுக் குழறியது. அந்த ஆண்டு ஜூனில், 48 வயதில் காலமானார். அவருக்கு நேர்ந்ததை வைத்தே அதற்குப்பின் கையுறைகளை ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தனித்தனியே சோதித்துப் பார்த்துச் சொல்லும் வழக்கம் வலுப்பட்டது. புதிதாக வரும் பயிற்சி மாணவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, கையில் என்ன புட்டி வைத்திருக்கிறாய் என்பதுதான். கோட்டு போட்டிருக்கிறாயா என்பது அதற்குப் பிறகு.

இனி வெட்டும் விதத்துக்கு வருவோம். இதுதான் உங்களுக்கு முக்கியம்.

1973-ல் லண்டனில் ஒரு பெரிய மருத்துவக் கல்வி நிலையத்தின் லேபில் வேலை செய்த இளம்பெண்ணுக்குப் பெரியம்மை கண்டது. லேபிலிருந்துதான் வந்தது. ஆரம்பத்தில் என்ன நோய் என்று தெரியாமல் பொது வார்டில் படுக்கவைத்தார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அடுத்த கட்டிலில் இருந்தவரைப் பார்க்க வந்த இருவர் நோய் தொற்றி இறந்தார்கள். லேபுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. கிருமி கோட்டின்வழியாக வந்ததாக யாரும் சொல்லவில்லை. ஆனால் லேபில் இருப்பது லேபிலேயே நிற்கவேண்டும் என்ற கேள்வி அந்த நாட்டையே உலுக்கியது. 1976-ல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, மருத்துவ லேப்களில் வேலை செய்கிறவர்களுக்குக் காசநோய் மற்றவர்களைவிட 5 மடங்கு அதிகமாக வருகிறது என்று காட்டியது. விசாரணைக் குழுக்கள் அமைந்தன. கடைசியில் 1978-ல், சர் ஜேம்ஸ் ஹோவி என்ற ஸ்காட்லாந்துக்காரரின் தலைமையில், மருத்துவ லேப்களில் தொற்றைத் தடுக்கும் நடைமுறை விதிகள் வெளிவந்தன. எப்படிக் கை கழுவுவது, எதை எங்கே வைப்பது என்பதிலிருந்து எல்லாம் அதில் உண்டு. கோட்டு எப்படி இருக்கவேண்டும் என்பதும் உண்டு. அந்தக் கோட்டுக்கே ஹோவி கோட்டு என்று பெயர் நிலைத்துவிட்டது. ஸ்காட்லாந்துக் கிருமியியல் அறிஞர் ஒருவரின் பெயர் ஒரு சட்டைக்கு வந்து சேர்ந்ததை நினைத்தால் எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

சாதாரண டாக்டர் கோட்டை முன்னால் வைத்துப் பாருங்கள். கழுத்து வி வடிவத்தில் திறந்திருக்கும். தெறித்தது நேரே தொண்டைக்குழியில் விழும். நடுவில் வரிசையாகப் பட்டன். பட்டனுக்கும் பட்டனுக்கும் இடையே வாய் திறந்திருக்கும், மேசையில் சாயும்போது இன்னும் அகலமாகத் திறக்கும். முக்கால்வாசிப் பேர் பட்டனே போடுவதில்லை, அது வேறு. கைகள் தளதளவென்று அகலமாக இருக்கும். ஸ்லைடை எடுக்கக் கை நீட்டினால் கையின் ஓரம் புட்டியைத் தட்டிவிடும், அல்லது விளக்கில் படும்.

ஹோவி கோட்டில் இவை ஒவ்வொன்றும் மாறியிருக்கின்றன. நேருஜி கோட்டுபோலக் கழுத்தைச் சுற்றி நிற்கும் சிறு காலர். முன்பக்கம் முழுவதையும் மூடிக்கொண்டு, ஒரு பக்கமாக ஓரத்தில் போய்ப் பூட்டுகிறது. ஆகவே நெஞ்சிலும் வயிற்றிலும் திறப்பே இல்லை, துணி இரட்டையாக விழுகிறது. கை முழு நீளம், மணிக்கட்டில் இறுகப் பிடிக்கும் பட்டை. கையுறையை அந்தப் பட்டையின்மேல் இழுத்துவிட்டால் தோல் வெளியே தெரியாது. நீளம் முழங்கால் வரை, உட்கார்ந்தாலும் மடி மூடியிருக்கும்படி. பூட்டுவதற்குத் துளைபோட்ட பட்டன் அல்ல, டிச் பட்டன்.

இந்த டிச் பட்டனில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது என்று நாங்கள் சொல்வோம். சாதாரணப் பட்டனை அவிழ்க்க ஒவ்வொன்றாக விரலால் தள்ளவேண்டும். கோட்டில் அமிலம் கொட்டிவிட்டது, அல்லது தீப்பிடித்துவிட்டது என்றால் 6 பட்டன் அவிழ்க்க யாருக்கு நேரம்? டிச் பட்டன் ஒரே இழுப்பில் படபடவென்று மேலிருந்து கீழே திறந்துகொள்ளும். கழற்றி எறிந்துவிடலாம். ஹோவி கோட்டை வடிவமைத்தவர்கள் போடுவதைப் பற்றி எவ்வளவு யோசித்தார்களோ, கழற்றுவதைப் பற்றியும் அவ்வளவு யோசித்திருக்கிறார்கள். மற்ற உடைகளை நாம் போட்டுப் பார்த்து வாங்குகிறோம். இதைக் கழற்றிப் பார்த்து வாங்கவேண்டும்.

கழற்றுவது ஆபத்து வந்தால் மட்டும் அல்ல. தினமும், லேபை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு தடவையும். டீ குடிக்கப் போனால், கழிப்பறைக்குப் போனால், அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போனாலும் கோட்டு வாசலிலே ஆணியில் நிற்கவேண்டும். 2004-ல் வெளிவந்த உலக சுகாதார நிறுவனத்தின் லேப் பாதுகாப்புக் கையேடு இதைச் சந்தேகமில்லாமல் சொல்கிறது. லேப் உடையோடு உணவு அறை, நூலகம், அலுவலகம், கழிப்பறை எதற்கும் போகக்கூடாது. வீட்டு உடை இருக்கும் அலமாரியில் அதை வைக்கவும் கூடாது. விரல் தெரியும் செருப்போடு உள்ளே வேலை செய்யக்கூடாது என்பதும் அதில் இருக்கிறது. நம் ஊர் வெயிலில் எங்களுக்கு அதிகமாகக் கசக்கிற விதி அதுதான்.

நம் ஊர் வழக்கம் என்ன என்று உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் மருத்துவம் சார்ந்த படிப்புப் படிக்கிற பிள்ளைகள் கோட்டை மடித்து முன்கையில் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஹோட்டலில் கோட்டோடு உட்கார்ந்து தோசை சாப்பிடுகிறார்கள். பெற்றோருக்கு அதைப் பார்க்கப் பெருமை. அந்தப் பெருமையை நாங்கள் குறைசொல்லவில்லை. கடன் வாங்கிப் படிக்கவைத்த தகப்பனுக்கு அந்த வெள்ளைத் துணி எவ்வளவு என்று எங்கள் வீடுகளிலும் தெரியும். 1993-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், மருத்துவ மாணவர்களுக்கு வெள்ளைக் கோட்டு அணிவிக்கும் விழாவைத் தொடங்கினார்கள். இப்போது நம் நாட்டுக் கல்லூரிகளிலும் அது நடக்கிறது, நல்ல விழா. போடுவதற்கு விழா எடுக்கிறவர்கள், கழற்றி மாட்டுவதற்கு ஒரு பத்து நிமிடப் பாடமாவது சேர்த்தால் நன்றாயிருக்கும் என்று எங்களுக்குத் தோன்றும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். 2007-ல் இங்கிலாந்தின் சுகாதாரத் துறை, வார்டில் நோயாளிகளைத் தொடும் டாக்டர்கள் நீளக்கைக் கோட்டு போடவேண்டாம், முழங்கைக்குக் கீழே கை வெறுமையாக இருக்கட்டும் என்று சொன்னது. கோட்டின் கை ஓரத்திலும் பையிலும் கிருமிகள் இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் அதனாலேயே இன்ன நோயாளிக்குத் தொற்று வந்தது என்று நேராக நிரூபித்தவை அரிது. அதை அந்தத் துறையும் மறைக்கவில்லை. வார்டில் கை நன்றாகக் கழுவவேண்டும், அதற்கு நீளக்கை இடைஞ்சல் என்பதுதான் விஷயம். லேபில் நீளக்கை கட்டாயமாகவே இருக்கிறது. கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டால் அது பாதிக் கோட்டு. மே மாதத்து மத்தியானத்தில் சுருட்டாமல் இருப்பது எளிதல்ல என்பதும் உண்மை.

கடைசி விஷயம் சலவை. கோட்டு தைக்க முன்வருகிறவர்கள் உண்டு, வாங்கித் தருகிறவர்கள் உண்டு. துவைப்பதைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை.

பெரும்பாலான சிறிய லேப்களில் என்ன நடக்கிறது? சனிக்கிழமை மாலை கோட்டைச் சுருட்டிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். வீட்டில் இருப்பது ஒரு வாளி. அதில் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சீருடையோடு ஊறுகிறது. துவைப்பது மனைவியோ, அம்மாவோ. பச்சைத் தண்ணீர், பார் சோப்பு, கல்லில் அடி. சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை உலகம் லேபிலிருந்து கற்கவில்லை, தொழிற்சாலையிலிருந்து கற்றது. ஆஸ்பெஸ்டாஸ் என்ற கல்நார்த் தூள் நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் ஒரு கொடிய புற்றுநோயை உண்டாக்கும். 1965-ல் லண்டனில் இரண்டு ஆய்வாளர்கள், அந்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டவர்களின் வாழ்க்கையை ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். கல்நார்த் தொழிலில் இருந்தவர்கள் பலர் இருந்தார்கள், அது எதிர்பார்த்ததே. ஆனால் 9 பேர் அந்தத் தொழிலுக்கே போகாதவர்கள். அவர்கள் வீட்டில் ஒருவர் போயிருந்தார். அந்த 9 பேரில் பெரும்பாலோர் பெண்கள், அவர்கள் பெரும்பாலும் சொன்ன விவரம் கணவரின் வேலை உடையைத் துவைத்துக் கொடுத்தது. தூசி படிந்த உடையை உதறித் துவைத்திருக்கிறார்கள். அந்த நோய் வர 20, 30, 40 ஆண்டுகள்கூட ஆகும். அத்தனை காலத்துக்கு முன் துவைத்த துணி.

கிருமி கல்நார்போல வருடக்கணக்கில் காத்திருப்பதில்லை. நல்ல வெந்நீரில் செத்துவிடும். ஆனால் வேலை உடையைத் துவைக்கும் கை யாருடையது என்ற கேள்வி ஒன்றுதான். அதனால்தான் 1991-ல் அமெரிக்க அரசு, ரத்தத்தோடு வேலை செய்கிறவர்களுக்கான விதிகளை வெளியிட்டபோது, பாதுகாப்பு உடையைத் தருவதும் துவைப்பதும் வேலை கொடுக்கிறவரின் பொறுப்பு, ஊழியரிடம் அதற்குக் காசு வாங்கக்கூடாது, வேலை இடத்தை விட்டுப் போகுமுன் அதைக் கழற்றிவிடவேண்டும் என்று எழுதியது. அடுத்த ஆண்டே, வேலை இடத்து நச்சு ஊழியர்களின் வீட்டுக்குப் போவதைப் பற்றித் தனிச் சட்டமும் போட்டார்கள்.

எங்கள் லேபில் கோட்டு வாசலைத் தாண்டுவதில்லை. அழுக்கானதைத் தனிப் பையில் கட்டி, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு நாங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். பிரிட்டனின் ஆஸ்பத்திரிச் சலவைக்கான அளவு ஒன்று உண்டு: துணி 71 டிகிரி வெந்நீரில் குறைந்தது 3 நிமிடம், அல்லது 65 டிகிரியில் 10 நிமிடம் இருக்கவேண்டும். எதையாவது கொட்டிக்கொண்ட கோட்டு சலவைக்குப் போகுமுன் ஆட்டோகிளேவில், அதாவது நீராவி அழுத்தத்தில், 121 டிகிரியில் 15 நிமிடம் இருந்துவிட்டுத்தான் போகும். டிரில் துணி அதைத் தாங்கும்.

சலவைக்கூடத்தில் துணி பிரிக்கிற அக்கா ஒருவர் எங்களிடம் ஒருமுறை சொன்னது: "தம்பி, ரத்தக்கறை எனக்குப் பயம் இல்லை, அது கண்ணுக்குத் தெரியும். பையில் கையை விட்டால் என்ன குத்தும் என்றுதான் தெரியாது." அவர் லேபுக்குள் ஒருநாளும் வந்ததில்லை, சம்பளப் பட்டியலில் கீழிருந்து மூன்றாவதோ நான்காவதோ இருப்பார். எங்கள் கோட்டு அதிக நேரம் இருப்பது எங்கள் உடம்பில் என்றால், அடுத்தபடி அவர் கையில்தான். அவர் சொன்னதற்குப் பிறகு, சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டிவிட்டுத்தான் கோட்டைப் பையில் போடுகிறோம்.

ஆகவே தைக்கப்போகும் சகோதரிகளுக்குச் சில விவரங்கள், எழுதிக்கொள்ளுங்கள்.

துணியை வெட்டுமுன் ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்துக் காயவையுங்கள். டிரில் முதல் சலவையில் சுருங்கும், வெந்நீரில் இன்னும் சுருங்கும். மணிக்கட்டுக்கு எலாஸ்டிக் வேண்டாம், சூட்டில் மாதங்களில் தளர்ந்துவிடும். திருப்பூரில் டி-சர்ட் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணியை இரட்டையாக வைத்துத் தையுங்கள். டிச் பட்டன் துருப்பிடிக்காததாகப் பாருங்கள், இரும்பு என்றால் 10 சலவையில் துணியில் கறை ஏறும். கீழே ஒரே ஒரு பை போதும், அதுவும் சிறியதாக. நெஞ்சுப் பை வேண்டவே வேண்டாம். குனிந்தால் பேனா விழுவதும் அங்கிருந்துதான், ஊசி மறந்துபோவதும் அங்கேதான். ஒருவருக்கு 3 கோட்டு கணக்கு: ஒன்று உடம்பில், ஒன்று சலவையில், ஒன்று திடீரென்று எதையாவது கொட்டிக்கொள்கிற நாளுக்கு.

சலவைக்கூடத்து அக்காவுக்கும் அவரோடு வேலை செய்கிறவர்களுக்கும் சேர்த்துத் தைக்க முடியுமா என்று கேட்கிறோம். அவர்களுக்கு நீளக்கையும் அதன்மேல் கட்ட ரப்பர் ஏப்ரனும் வேண்டும்.

நெஞ்சில் பெயர் பின்னித் தருவதாக ஒரு தங்கை சொன்னார்கள். மனதுக்கு மிகவும் இனிமையாக இருந்தது. ஆனால் பெயர் வேண்டாம், உள்கழுத்தில் ஒரு எண் மட்டும் சிவப்பு நூலில் பின்னிவிடுங்கள். கோட்டு எங்களுடையது அல்ல, லேபுடையது. வேலை விட்டுப் போகிறவர் அதை ஆணியில் மாட்டிவிட்டுப் போவார், புதிதாக வருகிறவர் எடுத்துப் போட்டுக்கொள்வார். அளவு எடுக்க வருகிற நாளில் லேபின் பக்கத்து வாசலுக்கு வாருங்கள். அந்த 12 ஆணிகளையும் காட்டுகிறோம், கோட்டில் மாட்டுவதற்கான நாடா எந்த உயரத்தில் இருக்கவேண்டும் என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.